டேப்பட்டும் இல்லை, பேரிங்கும் இல்லை

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளிடம் ஏதாவது பேசுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். மைக் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், வேறு யாராவது வாசியுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். பிழை இருந்தால் வாசிப்பவர் திருத்திக்கொள்ளட்டும்.

தென்காசியில் ஆலங்குளம் ரோட்டோரம் லாரிப் பட்டறை வைத்திருந்தேன். முதுகு ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டேன். ஓய்வு எடுக்கிற வயது இன்னும் ஆகவில்லை, உடம்புதான் முந்திக்கொண்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தெருவில் ஒரு வண்டி போனால் காது அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்புகிறது. கூப்பிடாமல் போகிறது. அதுவே ஒரு அலுப்பு.

டேப்பட்டுக்கு எவ்வளவு இடைவெளி வைப்பது, எந்த நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதெல்லாம் உங்களுக்குப் போனிலேயே கிடைக்கும். அதை நான் எழுதவில்லை. பழைய லாரி இஞ்சினில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும்போது அதைச் சுற்றி நிற்கும் ஆட்கள் என்ன செய்வார்கள், அவர்களுக்கு நடுவில் நாம் என்ன செய்வது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

நம் பக்கத்தில் யாரும் வெறும் சத்தத்தைக் கொண்டு வருவதில்லை. அதற்குப் பெயர் வைத்துத்தான் கூட்டி வருவார்கள். ஒரு அருவிச் சீசனில் ஐந்தருவியிலிருந்து ஒரு வேன் வந்தது. டிரைவர் வெளியூர்க்காரர். "டேப்பட் அடிக்குதுங்க, உடனே பாருங்க, ஆளுங்க எல்லாம் ஈரத்தோட உக்காந்திருக்காங்க" என்றார். இஞ்சினை ஓடவிட்டுக் கேட்டேன். ஒன்றும் இல்லை. வண்டியைக் கொஞ்சம் உருட்டச் சொன்னேன். பின்பக்க டயரின் பட்டைக்குள் ஒரு கூழாங்கல் மாட்டியிருந்தது. திருப்புளியால் நெம்பி எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப டேப்பட் பாக்க மாட்டீங்களா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

வேன் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். லாரி அப்படி இல்லை. அதை ஓட்டுகிறவர் ஒருவர், சொந்தக்காரர் ஒருவர். ஒரே சத்தத்துக்கு இருவரும் வேறு வேறு பெயர் வைப்பார்கள். டிரைவர் டேப்பட் என்பார். அதாவது இஞ்சினின் தலைப்பக்கம் வால்வைத் தட்டுகிற பாகத்தில் இடைவெளி கூடிவிட்டது. ஓட ஓட ஆவதுதான், யார் மேலும் குற்றம் இல்லை. முதலாளி பேரிங் என்பார். அதாவது அடிப்பக்கம் ஆயில் இல்லாமல் ஓடித் தேய்ந்துவிட்டது. ஆயிலைப் பார்க்க வேண்டியவர் டிரைவர். ஆக, டேப்பட் என்று நாம் சொன்னால் டிரைவர் வேலையில் இருப்பார், பேரிங் என்று சொன்னால் இறங்கிவிடுவார். அந்த முதலாளியோடும் அது முடியாது. 'இஞ்சினை அடிச்சவன்' என்று ஒரு பேர் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலோ செங்கோட்டையிலோ யாரும் அவர் கையில் சாவியைக் கொடுக்க மாட்டார்கள்.

அந்தப் பேரை ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியவன் சுடலைமுத்து. இலஞ்சிக்காரன். மலை ஏற்றத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து இஞ்சின் இறுகிவிட்டது. வெடித்ததை எவனும் பார்க்கவில்லை, இறுகியதைத்தான் பார்த்தார்கள். அதன் பிறகு ரொம்ப நாள் அருவிக்கரையில் ஒரு சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவிக்கொண்டிருந்தான். கடைசியில் அவனை நம்பி வண்டி கொடுத்தவர் ஒரு பழைய ஆள். தானே லாரி ஓட்டிச் சம்பாதித்து ஒரு பழைய லாரி வாங்கியவர். மார்க்கெட்டில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஓணத்துக்கு முந்திய வாரம். காலையிலிருந்தே சாரல். மலை தாண்டி ஓணச் சந்தைக்குப் போகக் காய்கறி ஏற்றிய லாரியைச் சுடலை பட்டறைக்குள் திருப்பும்போதே அண்ணாச்சியின் பைக் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது.

"டேப்பட்தான்ணே. லேசா ஒரு டிக் டிக். லோடு எறக்கிட்டு வந்து அட்ஜஸ் பண்ணிக்கிடலாம்" என்றான் சுடலை, சீட்டை விட்டு இறங்காமலே.

"லேசாவாம்லா! காலையில மார்க்கெட்ல ஸ்டார்ட் பண்ணுதான், தக்காளி ஏத்துத பொம்பளைய எல்லாம் திரும்பிப் பாக்காவ. பேரிங்கு வே. நீரு வாயத் தொறந்து பேரிங்குன்னு ஒரு வார்த்தை சொல்லும், சாவிய வாங்கிட்டு இவன அனுப்புதேன். லோட நான் கொண்டு போறேன்."

"ஆயில் இருக்கு மொதலாளி. தெனமும் பாக்கேன்."

"போன மொதலாளிட்டயும் இதத்தானல சொன்ன?"

இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. ஈரத்தில் சாக்கு விரித்து அடியில் படுத்து, திருப்புளியின் நுனியை இஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். அடியில் சத்தம் இல்லை. பேரிங் சத்தம் கனமாக இருக்கும், சூடு ஏற ஏறக் கூடும். இது மேலே எங்கேயோ, மெல்லிசாக, சூட்டில் அடங்கிக்கொண்டு வந்தது.

"காலையிலயும் இவ்வளவுதான் இருந்துதா அண்ணாச்சி?"

"இப்ப பூனை மாதிரி கெடக்கு. காலையில நாய் மாதிரி கத்திச்சு வே."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பேரிங் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை மட்டும் சொல்லியிருந்தால் சுடலைக்கு வேலை நின்றிருக்கும், லாரி கிளம்பியிருக்கும், எனக்கும் தொல்லை விட்டது. வாய் வரை வந்தது. ஆனால் எது இல்லை என்று தெரிவது வேறு, எது என்று தெரிவது வேறு. முழுச் சுமையோடு புளியரை மலையில் ஏறப் போகிற வண்டி. குளிர்ந்த இஞ்சினில்தான் அந்தச் சத்தம் முகத்தைக் காட்டும். அதனால் அணைத்து ஆறவிட வேண்டும்.

சொன்னேன். இரண்டு பேரும் ஒன்று போலக் கத்தினார்கள். அதுவரை எதிர் எதிராக நின்றவர்கள்.

"ஆறணுமா? காய்கறி வாடிரும்லா! ஓணம் எனக்காண்டி நிக்குமா வே?"

"அணைக்காண்டாம்ணே. போயிட்டு வந்துருதேன்." சுடலையின் கை சாவி மேல் இருந்தது. அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதோ என்று பயப்படுகிறான் என நினைத்தேன். ஏறிப் போய் அவன் கையை விலக்கி நானே அணைத்தேன்.

பட்டறை வேலையிலேயே கஷ்டமானது சும்மா நிற்பதுதான். ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டால் யாரும் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தப்பாகவே கழற்றினாலும் சரி. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எல்லோருக்கும் உங்கள் மேல் கோபம் வரும். அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தார்ப்பாயைத் தூக்கித் தக்காளியை அமுக்கிப் பார்த்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

"ஓய், நீரு மெக்கானிக்கா டாக்டரா? டாக்டர் கூட இவ்வளவு நேரம் காக்க வைக்க மாட்டாரு."

"டாக்டர்ட்ட டோக்கன் உண்டு அண்ணாச்சி."

நான் அப்படிப் பதில் சொல்லுகிறவன் இல்லை. அவரே ஒரு நிமிஷம் திகைத்துவிட்டார். பிறகு பட்டறைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னார். சுடலை டீக்கும் இறங்கவில்லை. வண்டிக்குள்ளேயே இருமிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. என்னலே என்று கேட்டதற்குச் சாரல் ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

இஞ்சின் ஆறியதும் ஏறினேன். பழைய லாரியில் இஞ்சினின் பாதி வண்டிக்குள்ளே, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். அந்த மூடி மேல் சுடலை தன் பாயையும் தலையணையையும் அடுக்கி, அதன் மேல் கையையும் வைத்திருந்தான்.

"எடுலே, தொறக்கணும்."

"நான் தொறக்கேன்ணே. நீங்க எறங்குங்க."

"எடுலே."

பாயை எடுத்தான். மூடியைத் தூக்கினேன். உள்ளே புகைக்குழாய்ப் பக்கம் ஒரு சணல் சாக்கு மடித்துத் திணித்திருந்தது. மேல்பக்கம் சொதசொதவென்று ஈரம். இழுத்தபோது அடிப்பக்கம் கருகி, என் விரலிலேயே பொடிந்து உதிர்ந்தது. கருகின மடிப்புக்கு ஒரு சாண் தள்ளி டீசல் குழாய் ஓடுகிறது. சாக்கு இருந்த இடத்துக்குப் பின்னால் கரி கோடு கோடாக அப்பியிருந்தது. புகைக்குழாயை இஞ்சினோடு பிடித்திருக்கும் ஸ்டட்டுகளில் ஒன்று ஒடிந்து, நடுவில் இருக்கும் பேக்கிங் வெந்து போயிருந்தது.

"சாவியைப் போடு."

போட்டான். டிக் டிக் டிக் என்று தெறித்தது. புறங்கையை அங்கே நீட்டினேன். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு பொட்டுப் புகை சுடச்சுட அடித்தது. இரும்பு சூடேறி விரிந்ததும் அந்தச் சந்து மூடிக்கொள்கிறது, சத்தமும் அடங்கிவிடுகிறது. அவ்வளவுதான் நோய். அணைக்கச் சொன்னேன்.

சுடலை என் காதுக்குள் பேசினான். "அண்ணே, அத அங்கன தூரப் போட்டுருங்க. அவரு பாக்காண்டாம்."

"என்னலே இது?"

"ஆடியிலேருந்து கேக்குண்ணே இந்தச் சத்தம். அவரு பக்கத்துல ஏறி உக்காந்தா கேட்டுருமேன்னு அமுக்கி வச்சேன். பத்திரக்கூடாதுன்னு காலையில நனைச்சுத்தான் வைப்பேன். இன்னைக்கு வைக்கதுக்கு முந்தியே அவரு வந்து நின்னுட்டாரு. போற வழியில காயக் காய தண்ணி ஊத்திக்கிடுவேன்."

"எங்கிட்ட வந்து சொல்லக்கூடாதால?"

"சொன்னா மொதல்ல என்ன கேப்பிய? யாருல ஓட்டுனதுன்னு கேப்பிய."

அவன் சொன்னது சரி. எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான். என் பட்டறையிலும் அதுதான். ஆடியிலிருந்து அவன் அந்தப் புகையைக் குடித்துக்கொண்டு, கண் எரிய, மலை ஏறி இறங்கியிருக்கிறான். பயத்திலும் ஒரு ஒழுங்காக, தினமும் நனைத்து வைத்திருக்கிறான். அவனைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை, அசதியாக இருந்தது.

அந்தப் பக்கக் கதவில் அண்ணாச்சியின் தலை தெரிந்தது. "என்ன வே ரெண்டு பேரும் குசுகுசுங்கிய? கையில என்ன அது?"

பட்டறையில் கிடக்கிற பழந்துணிகளோடு அதையும் எறிந்துவிட்டு, துடைக்கிற சாக்கு என்று சொல்லியிருக்கலாம். அவர் மறுபடி கேட்டிருக்க மாட்டார். சுடலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் டீசல் குழாயைப் பார்த்தேன். அது சூடு பட்டு இளகியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், பக்கத்து ஒயர்களைப் பார்க்க வேண்டும். ஏன் பார்க்கிறேன் என்று சொல்லாமல் பார்க்க முடியாது. அதைவிட, இன்று நானும் சேர்ந்து மறைத்தால் அடுத்த சத்தத்துக்கும் இவன் ஒரு சாக்கைத் தேடுவான்.

"சத்தத்த அமுக்க சுடலை வச்சிருக்கான் அண்ணாச்சி. டேப்பட்டும் இல்ல, பேரிங்கும் இல்ல. புகைக்குழாய்ல ஸ்டட்டு ஒடிஞ்சிருக்கு. பழைய வண்டி, அதுவாப் போனது. அவன் மேல தப்பு இல்ல. சொன்னா வேலை போயிரும்னு பயந்துட்டான்."

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் அண்ணாச்சி முதல் வரியைத்தான் கேட்டார். பின்னால் சொன்னதெல்லாம் சாரலோடு போய்விட்டது.

"ஏம்லே இப்படிச் செஞ்ச? சாக்கு சொல்லாத, உள்ளதச் சொல்லு."

"சாக்குச் சொல்லல மொதலாளி. சாக்கு வச்சேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அண்ணாச்சிக்கும் உதடு ஒரு பக்கம் இழுத்தது. பிறகு அவர் என் கையிலிருந்த கருகல் நுனியைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மலையில வச்சுப் பத்தியிருந்தா? உள்ள கெடந்து வெந்திருப்பது யாருல, நானா?" என்றார். கையை நீட்டினார். "சாவியக் குடு. எனக்குத் தெரியாம வண்டிக்குள்ள ஒண்ண வச்சவன நான் எப்படிலே நம்புவேன்?"

ஒடிந்த ஸ்டட்டை எடுத்துப் புதிது போட்டு, பேக்கிங் மாற்றி, டீசல் குழாயையும் மாற்றிக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்தது. இஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது. அண்ணாச்சி தானே ஏறி உட்கார்ந்து செங்கோட்டைப் பக்கம் திருப்பினார். சுடலை பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்ணே. பேரிங் இல்லன்னு சொல்லிட்டு அதோட விட்டிருக்கலாம்."

அவன் குரலில் கோபம் கூட இல்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்று உங்களுக்கு எழுதலாம்தான். எழுத மனது வரவில்லை.

சில நாளில் மார்க்கெட்டில் பேச்சு பரவிவிட்டது. டீக்கடையில் என் காதாலேயே கேட்டேன். 'இஞ்சினை அடிச்சவன்' என்பது இப்போது 'சாக்கு வச்சு இஞ்சினைக் கொளுத்தப் பாத்தவன்' என்று வளர்ந்திருந்தது. நான் சொன்ன சொல்தான் அது. என் பட்டறையிலிருந்து கிளம்பி, நான் கூட இல்லாமல் ஊரைச் சுற்றி, என் முன்னாலேயே வந்து நிற்கிறது. அவன் மேல் தப்பில்லை என்ற பாதி எங்கே உதிர்ந்ததோ தெரியவில்லை.

மறுநாள் காலையில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன். லாரிக்காரர்கள் டீ குடிக்கிற இடத்தில் போய் நின்றேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா. அண்ணாச்சியும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"சுடலை இஞ்சின அடிக்கல" என்றேன். "ஆயில் சரியா இருந்துது. பேரிங் நல்லா இருக்கு. நான் பாத்தேன்."

"எப்பா, மெக்கானிக்குக்கு வாய் இருக்கு போலயே!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப சாக்கு வச்சது யாரு, உம்ம பாட்டனா?"

"சுடலைதான் வச்சான். அது தப்பு. ஏன் வச்சான்னு ஒங்க ஒங்க டிரைவர்ட்ட கேட்டுப் பாருங்க. அவங்க வண்டியில என்னென்ன வச்சிருக்காங்கன்னும் பாருங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்து, கண்ணாடிக் கிளாசை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். அவர் சுடலையைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. வைக்கோல் லாரி வைத்திருந்த ஒருவர்தான் கடைசியில் பேசினார். "என் வண்டியில அடிக்கதுக்கு இஞ்சின்னு ஒண்ணு இருந்தாத்தான வே. வரச் சொல்லும் அவன. ஆனா வைக்கோல் வண்டி பாத்துக்கிடும், அங்கன சாக்கு கீக்கு வச்சா ஊரே எரியும்."

தம்பிகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். சத்தம் வந்தால் முதலில் 'யார் ஓட்டினது' என்று கேட்காதீர்கள். 'எப்போது கேட்கிறது' என்று கேளுங்கள். ஆறியிருக்கும்போதா, சூட்டிலா, ஏற்றத்திலா என்று கேளுங்கள். முதல் கேள்வியில் ஆளைத் தேடினால் வண்டி வாயில் துணியைக் கட்டிக்கொண்டுதான் உங்களிடம் வரும். இன்னொன்றும் உண்டு. ஒரு ஆளைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட்டால் நம் வேலை அதோடு முடிவதில்லை. அது எங்கே போகிறது என்று பார்த்து, பின்னாலேயே நடக்கவும் வேண்டும். அது ஸ்பானர் பிடிப்பதைவிட அலுப்பான வேலை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வைக்கோல் லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்து பட்டறை முன்னால் நின்றது. சுடலை நிறுத்திவிட்டு உடனே குதித்து இறங்கினான்.

"அண்ணே, ஒரு சத்தம். இப்பத்தான், ஆலங்குளத்துல டீ குடிச்சிட்டு எடுக்கும்போது கேட்டுது. மொதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"எப்ப கேக்கு?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். பள்ளத்தில் இறங்கும்போது எப்படி, பிரேக் பிடித்தால் எப்படி, கியர் மாற்றினால் எப்படி என்று நாக்கைத் தட்டித் தட்டி அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினான். ஹாரனைப் பிடித்திருக்கும் பட்டை ஒன்று நட்டு கழன்று ஆடுகிறது, நான் நின்ற இடத்திலிருந்தே அது எனக்குத் தெரிந்தது. முதுகு வலித்தது, மழை வேறு நனைத்தது. அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வண்டியைத் தொடவில்லை.